கையிருப்பு குறைந்தவரின் ஆட்டம்

ஆன்லைன் போக்கர் திறமையாட்டம்தான். அரசுப் பள்ளிகளில் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இதைத் தயக்கமில்லாமல் சொல்வேன். ஆடத் தெரிந்தவரையும் தெரியாதவரையும் பல ஆயிரம் கை ஆடவிட்டால் வித்தியாசம் பணத்தில் தெரிந்துவிடும். ஆட்டத்தை நடத்தும் நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவருவதும் இதைத்தான். அவர்கள் வாதத்தில் கணக்குப் பிழை இல்லை. ஆனால் ஓர் ஆட்டம் திறமையாட்டம் என்று நிரூபித்துவிட்டால், கூலி வாங்கிப் பிழைக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அதனால் தீங்கில்லை என்றாகிவிடாது. கணக்கு சொல்வது அதற்கு நேர்மாறானது.

நம் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பக் கேட்டுவந்த கேள்வி ஒன்றுதான்: இது திறமையா, அதிர்ஷ்டமா? ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் சத்தியநாராயணா வழக்கில் சொன்னது. கிண்டி குதிரைப் பந்தயம் தொடர்பான லட்சுமணன் வழக்கில் 1996-இல் வந்த தீர்ப்பும் அதே வழியில் போனது. ஆன்லைன் பண ஆட்டங்களைத் தடைசெய்து 2020 நவம்பரில் அன்றைய அ.தி.மு.க. அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பிறகு அது சட்டமானது. 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அடுத்து வந்த தி.மு.க. அரசு நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது. தற்கொலைத் தடுப்புப் பணியில் நீண்ட அனுபவமுள்ள மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அதில் இருந்தார். குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022-இல் புதிய சட்ட மசோதா நிறைவேறியது. ஆளுநர் அதைத் திருப்பி அனுப்பினார். பேரவை மறுபடி நிறைவேற்ற, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அந்த ஆண்டு நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று பட்டியலிட்ட அட்டவணையை மட்டும் நீக்கிவிட்டது. அவை திறமையாட்டங்கள் என்பதே காரணம்.

இவ்வளவு வழக்குகளிலும், மேசையில் உட்கார்ந்தவரிடம் எவ்வளவு பணம் இருக்கிறது என்ற கேள்வி மையத்துக்கு வரவே இல்லை. போக்கர் ஆடுகிறவர்களுக்கோ எல்லா முடிவுக்கும் முன்னால் வரும் கேள்வி அதுதான்.

ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்காக: டெக்சாஸ் ஹோல்டெம் என்ற வகைதான் அதிகம் ஆடப்படுவது. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாகக் கிடைக்கும். நடுவில் ஐந்து பொதுச் சீட்டுகள் படிப்படியாகத் திறக்கப்படும். ஒவ்வொரு கையிலும் இருவர் சீட்டைப் பார்க்கும் முன்பே ஒரு தொகை போட்டாக வேண்டும். அதற்கு பிளைண்ட் என்று பெயர். சின்ன பிளைண்ட் 5 ரூபாய், பெரிய பிளைண்ட் 10 ரூபாய் என்றால், 1,000 ரூபாயோடு உட்கார்ந்தவரிடம் நூறு பிளைண்ட் இருக்கிறது. 100 ரூபாயோடு இருப்பவரிடம் பத்துதான். இந்த இரண்டாமவரை ஷார்ட் ஸ்டாக் என்பார்கள். கையிருப்பு குறைந்தவர்.

அவரால் காத்திருக்க முடியாது. சுற்று ஒன்றுக்கு ஒன்றரை பிளைண்ட் வீதம் கரைந்துகொண்டே போகும். நல்ல சீட்டு வரும்வரை பொறுத்தால் அது வரும்போது போடப் பணம் இருக்காது. அதனால் ஆஸும் ஐந்தும் வந்தாலும், ராஜாவும் ஒன்பதும் வந்தாலும் மொத்தத்தையும் நடுவே தள்ளி 'ஆல் இன்' போய்விடுவார். அது முட்டாள்தனமல்ல. அந்த நிலையில் அதுதான் சரியான ஆட்டம்.

பெரிய கையிருப்பு உள்ளவருக்குத் தேர்ந்த ஆட்டக்காரர்கள் சொல்லித்தரும் பாடமும் தெளிவானது. ஷார்ட் ஸ்டாக்குக்கு எதிராகச் சின்ன ஜோடிகளையும், அடுத்தடுத்த எண்ணில் ஒரே இனமாக வரும் சீட்டுகளையும் நம்பாதே. அவை அபூர்வமாக அமையும்போது பெரிய தொகை அள்ளுவதற்கானவை, இவரிடம் அள்ள ஒன்றும் மிச்சமில்லை. பெரிய ஜோடியோ, ஆஸ்-ராஜாவோ கையில் இருந்தால் தயங்காதே, பணம் முழுவதையும் சீக்கிரம் நடுவே வரவழை. தோற்றால் உனக்குப் பத்தில் ஒரு பங்கு போகும். ஜெயித்தால் அவர் மேசையை விட்டே எழுந்துவிடுவார்.

கணக்காகப் பார்த்தால் இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அழகான கணக்கு என்றுகூடச் சொல்வேன். ஆனால் அதன் சாரம் என்ன? காத்திருக்க முடியாதவனுக்காகக் காத்திரு என்பது. போக்கரில் திறமை என்று நாம் மதிப்பதில் பெரும்பகுதி அங்கேதான் காசாகிறது.

என் பழைய மாணவர் ஒருவர், காஞ்சிபுரம் மாவட்டத்தில் எங்கள் திருமுக்கூடல் பக்கத்துக் கல்குவாரிகளிலிருந்து ஜல்லி ஏற்றும் டிப்பர் ஓட்டுகிறவர், தன் செல்பேசியை ஒரு மாலை என் முன் நீட்டினார். பணம் கட்டி ஆடும் மேசைகள் திறந்திருந்த காலம் அது. பழையசீவரம் பாலத்தருகே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். "ரெண்டு ஆஸ் வந்துச்சு சார். அதுக்கு மேல சீட்டே கிடையாது. ஆல் இன் போனேன். அப்பவும் போயிடுச்சு. நான் எங்க சார் தப்புப் பண்ணேன்?" என்றார். அந்தக் கை முழுவதையும் செயலி பதிவு செய்து வைத்திருந்தது. ஐந்து, பத்து பிளைண்ட் மேசை. குறைந்தபட்சத் தொகையான 200 ரூபாயோடு உட்கார்ந்தவர், அந்தக் கை வரும்போது 160-இல் இருந்தார். மற்றவர்கள் ஆயிரத்துக்கு மேல். இவர் மொத்தத்தையும் தள்ள, இருவர் துணிந்து வந்தார்கள். அதில் ஒருவரிடம் இரண்டு ஏழு. நான்காவது பொதுச் சீட்டாக மூன்றாவது ஏழு விழுந்தது.

யாரோ விட்டுச்சென்ற நாளிதழின் ஓரத்தில் கணக்கைப் போட்டுக் காட்டினேன். 52 சீட்டில் முதலிரண்டும் ஆஸாக வர 221-இல் ஒரு வாய்ப்பு. எதிரில் ஒருவர் ஏதோ இரண்டு சீட்டோடு நின்றால், அந்த ஜோடி நூற்றுக்கு 85 தடவை ஜெயிக்கும். இருவர் நின்றால் 73. நால்வர் நின்றால் 56-க்கு இறங்கிவிடும். நூற்றுக்கு 27 தடவை நடக்க வேண்டிய ஒன்று நடந்திருக்கிறது, உன் மேல் தப்பில்லை என்றேன். அவர் முகம் தெளிந்தது. "அப்ப நான் ஆடுறது கரெக்ட்டுதானே சார்?" என்றார். கரெக்ட்தான். அவர் ஆடிய விதத்தில் தவறே இல்லை. அவருக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருந்ததைத்தான் இங்கே எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

நிகழ்தகவுப் பாடத்தில் சூதாடியின் அழிவு என்று ஒரு கணக்கு உண்டு. மூன்றரை நூற்றாண்டு பழையது. பாஸ்கல் காலத்திலேயே பேசப்பட்டது. இருவர் நாணயம் சுண்டி ஆடுகிறார்கள். தலைக்கும் பூவுக்கும் சம வாய்ப்பு. ஒருவரிடம் 1,000, மற்றவரிடம் 9,000. ஒருவர் கை காலியாகும்வரை ஆட்டம் தொடரும். ஆட்டம் முற்றிலும் நேர்மையானது. ஆனாலும் பத்தில் ஒன்பது வாய்ப்பு, 1,000 வைத்திருப்பவர்தான் காலியாவார்.

இதில் திறமையைச் சேர்த்துப் பார்ப்போம். ஒருவர் மற்றவர்களைவிடச் சற்றுத் தேர்ந்தவர், நூறு பந்தயத்தில் 51 ஜெயிக்கிறார் என்று வையுங்கள். எதிரே ஆட்கள் மாறி மாறி வந்துகொண்டே இருக்கிறார்கள், அந்தப் பக்கம் பணம் தீராது. நம்மவரிடம் பத்து பந்தயத்துக்கான பணம் இருக்கிறது. நிறுத்தாமல் ஆடினால், அவர் என்றாவது ஒரு நாள் முழுவதும் இழக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 67. அதே திறமையோடு, அதே 51-ஓடு, நூறு பந்தயத்துக்கான பணம் வைத்திருப்பவருக்கு அது 2-க்கும் கீழே. இருவருக்கும் திறமை ஒன்றுதான், ஒருவர் அழிகிறார், ஒருவர் நிலைக்கிறார். வித்தியாசம் முழுவதும் கையிருப்பில் இருக்கிறது. நீதிபதிகள் முன் என்னை நிறுத்தினால் இந்த இரண்டு எண்களை மட்டும்தான் சொல்வேன்.

நடைமுறையில் 51 கிடைப்பதே அரிது. நடுவே சேரும் ஒவ்வொரு பெரிய தொகையிலிருந்தும் நிறுவனம் ரேக் என்று ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். நூற்றுக்கு நாலைந்து ரூபாய் என்பது சின்னதாகத் தெரியும். கைக்குச் சராசரியாக 5 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். செல்பேசியில் ஒரு மேசையில் மணிக்கு அறுபது கை ஓடினால் 300 ரூபாய் மேசையை விட்டு வெளியேறிவிடும். நாலு மணி நேரத்தில் 1,200. ஆளுக்கு 200 ரூபாயோடு ஆறு பேர் உட்கார்ந்திருந்தால், அவர்கள் கொண்டுவந்த பணம் முழுவதும் அதுதான். 2023 அக்டோபர் முதல் கட்டும் தொகை முழுவதற்கும் 28 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்துகொண்டது. ஜெயித்த நிகரத் தொகையில் 30 விழுக்காடு வருமான வரிப் பிடித்தம் வேறு.

மேசையில் ஒரு நல்ல விதி உண்டு. முன்னால் வைத்திருக்கும் சிப்ஸுக்கு, அதாவது பண வில்லைகளுக்கு மேல் யாரும் ஒரு கையில் இழக்க முடியாது. கையிருப்பு குறைந்தவருக்கு அந்த விதிதான் கவசம். 160 ரூபாய் வைத்திருந்தால் 160-தான் போகும், எதிரில் இருப்பவர் லட்சாதிபதியாக இருந்தாலும். ஆனால் தோற்ற மறுநொடி திரையில் பணம் சேர்க்கும் பொத்தான் வந்து நின்றது. ஜிபே, போன்பே, பின் எண், முடிந்தது. எழுந்து போய் ஏ.டி.எம். தேடும் அந்த அரை மணி நேரம்தான் முன்பெல்லாம் மனிதரைக் காப்பாற்றியது. என் மாணவர் அந்த 160 ரூபாயில் அழியவில்லை. அதற்குப் பிறகு வந்த பொத்தானில் அழிந்தார். முதலில் சம்பளம், பிறகு செயலிக் கடன், கடைசியில் மனைவியின் நகை வாலாஜாபாத் அடகுக் கடைக்குப் போனது. வீடியோ பார்த்துப் பார்த்து அவர் நிஜமாகவே நன்றாக ஆடக் கற்றிருந்தார் என்பதுதான் எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

திறமை இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று காஞ்சிபுரத்துக்காரனிடம் யாரும் சொல்ல வேண்டாம். நான் பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டில் பிறந்தவன். என் அப்பா கோர்வை போட்டால் உடலும் கரையும் சேரும் இடத்தை விரல் வைத்துத் தடவினாலும் தெரியாது. பேட்னி முந்தியில் பாவு மாற்றும்போது ஒவ்வொரு இழையாகப் பிணைப்பார். திறமை என்றால் அது. ஆனால் சொந்தமாகப் பட்டும் சரிகையும் வாங்கி நெய்த காலத்தில், ஆடி பிறந்தால் வீட்டில் பேச்சே குறைந்துவிடும். முகூர்த்தம் இல்லாத மாதம், சேலை விலை இறங்கும். அடுத்த பாவுக்குக் காசு வேண்டும் என்பதால் அந்த விலைக்கே கொடுத்தாக வேண்டும். வாங்குகிறவர் ஆவணி வரை பீரோவில் வைத்திருந்து விற்பார். அவருக்குத் தறியில் உட்காரக்கூடத் தெரியாது. அவரால் காத்திருக்க முடிந்தது, அவ்வளவுதான்.

அதற்கு எங்கள் ஊர் கண்ட வழி கூட்டுறவுச் சங்கம். காமாட்சியம்மன், அறிஞர் அண்ணா, முருகன் என்ற பெயர்களில் காஞ்சிபுரத்தில் நடக்கும் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் பட்டும் சரிகையும் கொடுத்து, நெய்ததை வாங்கி, கூலி தருகின்றன. சங்கங்களில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் காத்திருக்கும் பாரத்தைத் தனி நெசவாளியின் தோளிலிருந்து இறக்கியவை அவை. நெசவாளி திறமைசாலியா என்று எந்தச் சங்கமும் கேட்டு நிற்கவில்லை. கையில் முதல் இருக்கிறதா என்பதைத்தான் பார்த்தது.

பங்குச் சந்தையில் ஒழுங்குமுறை அமைப்பான செபி செய்ததும் அதே வகைதான். எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நட்டப்பட்டார்கள், மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று அது 2024 செப்டம்பரில் வெளியிட்டது. முன்பேர வணிகம் திறமையா அதிர்ஷ்டமா என்று செபி பட்டிமன்றம் வைக்கவில்லை. குறியீட்டு ஒப்பந்தங்களின் குறைந்தபட்ச மதிப்பை 15 லட்சமாக உயர்த்தியது. இழப்பைத் தாங்க முடியாதவர்கள் உள்ளே வரும் வாசலைச் சுருக்கியது. சரியான இடத்தில் கை வைத்தார்கள் என்பது என் கருத்து.

தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிகளிலும் இந்தப் புரிதல் இருந்தது. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டத்துக்குள் நுழைய முடியாது. ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். நாளுக்கும் வாரத்துக்கும் மாதத்துக்கும் பண வரம்பு வேண்டும். நேரம் கடந்தால் திரையில் எச்சரிக்கை வர வேண்டும். நிறுவனங்கள் எதிர்த்து வழக்கு போட்டன. ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் அரசு பக்கம் தீர்ப்பளித்தது. அந்த விதிகள் ஊன்றி நிற்பதற்குள் ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறமை, அதிர்ஷ்டம் என்ற பிரிவினையையே விட்டுவிட்டு, பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் தடைசெய்துவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். பெரிய நிறுவனங்கள் அந்த வாரமே பண மேசைகளை மூடின.

அந்தச் சட்டத்தை நான் வரவேற்கிறேன். ஆனால் அதை எதிர்த்து உயர் நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டபோது, நிறுவனங்களின் முதல் வாதமாக அங்கே போய்ச் சேர்ந்ததும் திறமைதான். அரசுத் தரப்பு இந்த முறையும் 'இது அதிர்ஷ்டம்தான்' என்று மல்லுக்கட்டக் கூடாது. சென்னையில் அந்த வாதம் தோற்றதை இரண்டு முறை பார்த்துவிட்டோம். ஆமாம், திறமையாட்டம்தான் என்று ஒப்புக்கொண்டு, அந்தத் திறமை யாருடைய பணத்தில் பலிக்கிறது என்று காட்ட வேண்டும். நிறுவனங்களின் பதிவேட்டில் ஒவ்வொரு கையும் இருக்கிறது. எவ்வளவு பணத்தோடு வந்தவர்கள் எவ்வளவு இழந்தார்கள் என்று தொகைவாரியாகப் பிரித்து நீதிமன்றத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

சொந்தக் காசில் ஆடுவது அவரவர் உரிமை என்பவர்களை நான் மதிக்கிறேன். கடன் செயலியில் வாங்கிய பணம் சொந்தக் காசல்ல என்பது மட்டுமே அவர்களுக்கு என் பதில்.

தடை வந்ததால் ஆட்டம் நின்றுவிடவும் இல்லை. வெளிநாட்டுத் தளங்கள் இருக்கின்றன. டெலிகிராம் குழு வைத்து, யுபிஐ-யில் பணம் வாங்கிக்கொண்டு சிப்ஸ் ஏற்றித் தரும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். ஜெயித்த பணம் வராவிட்டால் யாரிடமும் போய்க் கேட்க முடியாது. தை மாதப் பார்வேட்டை உற்சவத்துக்குக் காஞ்சி வரதராஜப் பெருமாள் பழையசீவரத்திலிருந்து திருமுக்கூடலுக்கு எழுந்தருளியபோது, பாலாற்று மணலில் கூட்டத்துக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்த இளைஞர்களின் திரையில் பச்சை மேசையை நானே பார்த்தேன்.

அவர்களைப் போலீஸ் பயம் காட்டித் திருத்த முடியாது, காட்டவும் வேண்டாம். நம் மாநிலத்தின் 2022 சட்டம் சூதாடுபவருக்கே 3 மாதம் வரை சிறை என்றது. மத்தியச் சட்டம் ஆடுபவரைத் தண்டிக்கவில்லை. இது சின்ன விஷயமல்ல. தோற்றவர் வெளியே வந்து சொல்லலாம், வழக்கு வரும் என்று பயந்து கடனை மறைக்க வேண்டியதில்லை. இந்தச் செய்தி எங்கள் பக்கத்து ஊர்களில் யாருக்கும் போய்ச் சேரவில்லை.

சொன்னவருக்கு எங்கே உதவி? திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 950 ஆண்டுகளுக்கு முன் இங்கே நடந்த வீரசோழன் ஆதுலசாலை என்ற மருத்துவமனையின் கணக்கு அது. 15 படுக்கைகள், ஒரு வைத்தியர், சல்லியக்கிரியை என்ற அறுவை சிகிச்சை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், பார்த்துக்கொள்ளப் பெண்கள், கையிருப்பில் இருக்க வேண்டிய மருந்துகள் என்று எல்லாவற்றுக்கும் ஒதுக்கீடு எழுதிவைத்திருக்கிறார்கள். இன்று இந்த ஊரிலிருந்து சூதாட்டப் பழக்கத்துக்கு ஆலோசனை தேடிப் போகிறவர் நகரத்துக்குத்தான் பஸ் ஏற வேண்டும். ஒரு நாள் கூலி போகும், கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்ற கூச்சம் வேறு. வாரம் ஒரு நாளாவது ஒரு மனநல ஆலோசகர் வாலாஜாபாத்தில் உட்கார்ந்தால் போதும், ஆட்கள் வருவார்கள். மாவட்ட நிர்வாகம் நினைத்தால் இதைச் செய்ய முடியும்.

அதுவரை, இதைப் படிக்கும் அப்பா, அம்மா, அக்கா, தம்பிகளுக்கு: வீட்டில் ஒருவர் இரவில் திரையோடு தனியாக உட்கார்ந்திருந்தால், அவர் எவ்வளவு நன்றாக ஆடுகிறார் என்று கேட்காதீர்கள், எவ்வளவு கடன் இருக்கிறது என்று கேளுங்கள். மன ஆறுதலுக்கும் ஆலோசனைக்கும் டெலிமானஸ் எண் 14416, எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம். ஏஜென்ட்டிடம் பணம் ஏமாந்திருந்தால் சைபர் குற்றப் பிரிவின் 1930-க்கு உடனே அழையுங்கள்.